மோட்டாருக்குச் சந்தனம், வால்வுக்குச் சருகு

எங்கள் வீட்டுத் தரைத்தொட்டி மோட்டாருக்கு வருஷாந்திரப் பராமரிப்பு உண்டு. ஆயுத பூஜையன்று ஈரத்துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கி இரண்டு பக்கமும் வைப்போம். எங்கள் ஊர் புளியங்குடியில் எலுமிச்சைக்கா பஞ்சம்? அதுவும் 2025-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். இவ்வளவு மரியாதைக்கு மேலும் சர்வீஸ் கேட்பது ஒரு அரைக் குதிரைச் சக்தி மோட்டாருக்கு அழகல்ல.

பூஜை முடிந்த கையோடு ஐப்பசி வந்துவிடும்; அதற்கு முன்பே ஆடி தன் வேலையைக் காட்டியிருக்கும். குற்றாலத்துக்குச் சாரலைக் கொட்டும் அதே மலை, எங்களுக்குப் பெரும்பாலும் காற்றைத்தான் அனுப்பும். அம்மியே பறக்கிற ஆடிக்காற்றில் வேப்பஞ்சருகு சும்மா இருக்குமா? மூடி இடுக்கு வழியே தொட்டிக்குள் இறங்கிக் குடியேறிவிடும். எங்கள் மழை வடகிழக்கிலிருந்து வருவது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டிய பிறகு, தென்மாவட்டத்தில் மழையை யாரும் லேசாக நினைப்பதில்லை. அமெரிக்காவில் பல வீடுகளில் அடியில் ஊறும் தண்ணீரை வெளியே தள்ள பம்ப் வைப்பார்கள். நமக்கோ குழாய்த் தண்ணீரை மாடிக்கு ஏற்றவும் வேண்டும், தெருத் தண்ணீர் தொட்டிக்குள் புகாமல் பார்க்கவும் வேண்டும்.

இந்த வருஷம் பூஜை முடிந்த வாரமே மோட்டார் உறுமியது, தண்ணீர் வரவில்லை. வீட்டில் படித்தவன் நான் என்பதால் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். உறிஞ்சு பம்ப் சுமார் 10 மீட்டருக்கு மேல் தண்ணீரை இழுக்காது. ஏனென்றால் வெளியே இருக்கும் காற்றின் அழுத்தம்தான் தண்ணீரை மேலே தள்ளுகிறது, அதன் பலம் அவ்வளவுதான். 17-ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியில் டோரிசெல்லி என்பவர்...

“நம்ம தொட்டி எத்தனை அடி?” என்றாள் மனைவி.

“ஆறு.”

“அப்ப அவரை விடுங்க. பிளம்பரைக் கூப்பிடுங்க.”

பிளம்பர் மோட்டாரைத் தொடவே இல்லை. உறிஞ்சு குழாயைத் தூக்கி, அடிநுனியில் இருந்த புட் வால்வைக் கழற்றி என் மூக்குக்கு நேரே நீட்டினார். சல்லடை முழுக்கச் சேறு. உள்ளே மூடித் திறக்கும் வாஷருக்கு நடுவே ஒரே ஒரு சருகு, கதவிடுக்கில் செருப்பு வைத்த மாதிரி. “பாத்தீங்களா அண்ணாச்சி, இது மாட்டிக் கெடந்தா தண்ணி எப்படிக் குழாயில நிக்கும்?” மோட்டார் நின்றதும் தண்ணீர் எல்லாம் தொட்டிக்கே திரும்பிவிடும், அடுத்த முறை போடும்போது உள்ளே வெறும் காற்று. காற்றைச் சுற்றிச் சுற்றி அடித்தால் தண்ணீர் ஏறாது, சீல்தான் சூடேறிப் போகும். வாஷரை மாற்றி, ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் போட்டார், பொத்துக்கொண்டு வந்தது. போகிறபோது சந்தனப் பொட்டைப் பார்த்து, “மோட்டாருக்கு மேக்கப் நல்லாருக்கு” என்றார். மழைக்கு முந்தித் தொட்டியைக் கழுவச் சொன்னார். உள்ளே இறங்குவது தன் வேலை இல்லை, ஆள் பார்க்கணும் என்றும் சொன்னார்.

என் மனைவி ஆள் பார்த்தாள். என்னைத்தான்.

மிச்சத் தண்ணீரை மோட்டாரே மாடிக்கு ஏற்றியது. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்டோம். அடைபட்ட தொட்டிக் காற்று ஆளையே சாய்க்கும். மெயினை அணைத்த பிறகும் நம்பிக்கை வராமல், மனைவி பீஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு வாய்க்கு மேலேயே நின்றாள். இரண்டடிச் சதுர வாய் அது. வீடு கட்டிய காலத்தில் நான் இருந்த அளவுக்குப் போதும். இப்போது கால் இறங்கியது, இடுப்பு இறங்கியது, வயிறு மட்டும் ஆலோசனையில் இருந்தது. மூச்சை விட்டு அதைச் சம்மதிக்க வைத்தேன். வண்டலை முறத்தில் அள்ளி வாளியில் ஏற்றி, சுவரைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து வெளியே வந்தபோது, என் சட்டையை நாய்கூட முகர மறுத்தது. புதுத் தண்ணீருக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் போதும். மனைவி அதை நகைக்கடை நிதானத்தில் நிறுத்தாள்.

மறுவாரம் நகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் அம்மா வந்து, தொட்டிக்குள் டார்ச் அடித்தார். ஒன்றும் நெளியவில்லை. “நல்லாக் கழுவியிருக்கே, யாரு?”

“ஆள் வச்சோம்” என்றாள் மனைவி, என் முன்னாலேயே.

“நம்பர் இருந்தாக் குடுங்கம்மா, இந்தத் தெருவுல நாலு வீட்டுல கேட்டாங்க.”

அவள் கொடுத்துவிட்டாள்.