இல்லாட்டிப் பரவாயில்லை அன்ரி

வவுனியாவில் கடல் இல்லை. மீன் மன்னாரிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ ஐஸ் பெட்டியில் வரும். வராத நாளில் ரின்மீன் கைகொடுக்கும். இப்படியொரு ஊரில் இருந்துகொண்டு, கடற்பாசித் தாள் சுற்றிய சோற்றுக்கட்டியை வீட்டிலேயே செய்து காட்டுகிறேன் என்று ஒருவர் கிளம்பினால், அவர் கட்டாயம் ‘இல்லாட்டிப் பரவாயில்லை அன்ரி’யாகத்தான் இருப்பார்.

குருமன்காடு, பண்டாரிகுளம், தோணிக்கல் என்று எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் இவரைப் போல ஒருவராவது அகப்படுவார். வயது அறுபதைத் தொட்டிருக்கும். வெளிநாட்டில் ஒரு பிள்ளை, கையில் அந்தப் பிள்ளை அனுப்பிய போன், போனில் எந்நேரமும் சமையல் வீடியோ. அதில் வருபவர் ஒன்பது சாமான் சொன்னால் அன்ரியிடம் இரண்டு இருக்கும். மிச்சம் ஏழுக்கும் ஒரே மந்திரம்: “இல்லாட்டிப் பரவாயில்லை.” இந்த வார்த்தை விழுந்த பிறகு அந்தச் சமையலைக் காப்பாற்ற ஒருவராலும் முடியாது. எங்கள் ஒழுங்கை அன்ரி ஒருமுறை லசான்யா செய்தார். கோதுமை ரொட்டியை அடுக்கி இடையிடையே கட்டிச் சொதி ஊற்றியிருந்தார். “அடுக்கடுக்கா இருக்கோணும், அவ்வளவுதானே தம்பி?” என்றார். நான் மூன்று அடுக்குச் சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் இதில் உள்ள கரைச்சல்.

போன வருடம் ஸ்காபரோவிலிருந்து மகள் கப்பலில் பெட்டி போட்டாள். சொக்கிலேற், ஷாம்பூ, அளவு பிழைத்த சட்டைகள் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நீல ரின். ஸ்பாம். வீடியோவில் பேத்தி கட்டளை போட்டாள்: “அம்மம்மா, இதை வச்சு முசுபி செய்யுங்கோ.”

அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஹோர்மல் கம்பனி 1937இல் கடைக்கு விட்ட பன்றி இறைச்சி ரின் அது. இரண்டாம் உலகப் போரில் படையோடு சேர்ந்து பசிபிக் தீவுகளுக்குப் போனது. படை திரும்பியது, ரின் அங்கேயே தங்கிவிட்டது. ஹவாயில் குடியேறிய யப்பானிய வழிச் சனம், சோற்றைப் பிடித்துப் பாசித்தாள் சுற்றுகிற தங்கள் பழைய கைப்பழக்கத்தை விடாமல், மேலே ஒரு பொரித்த ஸ்பாம் துண்டையும் ஏற்றிக் கட்டிவிட்டார்கள். அதுதான் ஸ்பாம் முசுபி. இன்றைக்கு ஹவாயில் பெற்றோல் செட்டிலும் அது விற்கிறது. இதையெல்லாம் வாசித்து வைத்துக்கொண்டு அன்ரிக்குச் சொன்னேன். அவர் அசையவில்லை.

“எங்கட நிவாரண ரின்மீன் மாதிரி” என்றார்.

வேலை தொடங்கப் பார்த்தால் வெள்ளிக்கிழமை. பிறகு கோயில் கொடியேற்றம். பிறகு சஷ்டி. அன்ரியின் விரதங்களைக் கழித்தால் இறைச்சிக்கு மாதத்தில் அரை நாள் மிஞ்சும். அன்றைக்கு எங்காவது செத்தவீடு. ஆகவே ரின் ஷோகேசுக்குள் போய், மகனின் பட்டமளிப்புப் படத்துக்கும் பிளாஸ்ரிக் ரோசாவுக்கும் நடுவில் உட்கார்ந்தது. வந்தவர் போனவருக்கெல்லாம் “பிள்ளை அனுப்பினது” என்று காட்டப்பட்டது. அங்கேயே அதற்கு ஒரு அந்தஸ்து வந்துவிட்டது.

அதற்கிடையில் பாசித்தாள் தேடல். பேத்தி அதை அனுப்ப மறந்திருந்தாள். பஜார் வீதியில் ஒரு கடையில் “கறுப்பா, மெல்லிசா, தாள் மாதிரி இருக்கும்” என்று அன்ரி விளக்க, கடைக்காரர் உள்ளே போய்க் காபன் தாள் ஒரு பெட்டி கொண்டுவந்தார். எனக்கு வலைப்பாடு ஞாபகம் வந்தது. கிளிநொச்சிப் பக்கம் அந்தக் கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிறார்கள். ஆனால் அது விரல் தடிப்பில் கொத்துக் கொத்தாக வளர்வது. ஆலைக்குப் போய் உணவுப் பண்டங்களைத் தடிப்பாக்கும் கூழாகிறது. யப்பானியர் தாளாக்குவது குளிர்ந்த கடலில் வளரும் வேறு மெல்லிய இனம். அதன் ஒரு பருவம் சிப்பி ஓட்டுக்குள் ஒளிந்திருப்பதை 1949இல் கத்லீன் ட்ரூ-பேக்கர் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி கண்டுபிடித்த பிறகுதான், அங்கே நம்பி விதைக்கவே முடிந்தது. கால்மணித்தியாலம் இதை நான் விளங்கப்படுத்தி முடிக்க, அன்ரி எழும்பினார்.

“அப்ப வெத்திலை போதும்.”

இந்த அன்ரிமாரைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள், இவர்கள் ‘இல்லாட்டிப் பரவாயில்லை’ படித்த பள்ளிக்கூடம் எங்கே நடந்தது என்று கேட்பதில்லை. அன்ரி போர்க்காலத்தில் ஓமந்தைக்கு அங்கால இருந்தவர். 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு அங்கே மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, பற்றரி இல்லை, சவர்க்காரத்துக்கும் வழியில்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சொட்டு எண்ணெயும் விட்டு விளக்கு எரித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டார்கள். பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். மோட்டார் சைக்கிளுக்கு நாலு சொட்டுப் பெற்றோலை மோப்பம் காட்டிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அந்தப் புகையில் ஓடித் திரிந்தவருக்கு ஒரு பாசித்தாள் எம்மாத்திரம்? 2022இல் காஸ் சிலிண்டருக்குக் கொழும்பே வரிசையில் நின்றபோது, அன்ரி மூன்று கல்லைக் கூட்டி நன்றாகக் காய்ந்த விறகை மூட்டிவிட்டு, தொலைக்காட்சியில் அந்த வரிசையைப் பார்த்துப் பாவப்பட்டுக்கொண்டிருந்தார்.

முசுபி நாள் ஒரு புதன்கிழமை. ஒட்டுகிற யப்பானிய அரிசிக்குப் பதில் பொங்கலுக்கு வாங்கி மிஞ்சிய சிவப்புப் பச்சையரிசி, நன்றாகக் குழைய விட்டது. “குழைய விட்டா எந்த அரிசிதான் ஒட்டாது?” பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. சோயா சோசுக்குப் பதில் புளியும் சீனியும்: “நிறம் ஒண்டுதானே.” ஹவாய்க்காரர் ஸ்பாம் ரின்னையே இரண்டு பக்கமும் வெட்டி அச்சாக்குவார்கள் என்று வீடியோவில் காட்டினார்கள். அன்ரி 425 கிராம் ரின்மீன் பேணியை வெட்டினார். எனவே முசுபி வட்டம்.

“அன்ரி, ஸ்பாம்?”

ஷோகேசை ஒருமுறை பார்த்தார். “அது வடிவா இருக்கு. இருக்கட்டும்.”

பேணியிலிருந்த மீனைப் பிசைந்து, உருளைக்கிழங்கு, வெங்காயம், பச்சைமிளகாய், மிளகுதூள் சேர்த்து, கட்லட் மாதிரித் தட்டிப் பொரித்துச் சோற்றின் மேல் வைத்தார். வெற்றிலையால் சுற்றி ஈர்க்கால் குத்தினார். தாம்பாளத்தில் அடுக்கியதும் பொம்பிளை கேட்டு வந்த வீடு மாதிரி இருந்தது. அங்கிள் ஒன்றை எடுத்து, பழக்கதோஷத்தில் பாக்குக்குக் கையை நீட்டினார்.

ஒழுங்கைப் பெடியள் பத்து நிமிடத்தில் தாம்பாளத்தைத் துடைத்துவிட்டார்கள். பாதிப்பேர் வெற்றிலையைக் கழற்றி எறிந்தார்கள். நான் மூன்று தின்றேன். அம்மா மத்தியானச் சட்டிக்குள் மிஞ்சிய சோற்றையும் கறியையும் குழைத்து, சுற்றி இருந்த எங்கள் கைகளில் உருட்டி வைப்பாவே, அந்தக் குழையல் சோற்றுக்கு ஒரு தொப்பி போட்ட மாதிரி.

இரவு வீடியோவில் பேத்தி எட்டிப் பார்த்தாள். “அம்மம்மா, இதில ஸ்பாம் எங்க?”

“அந்தா பார், பின்னால நிக்குது.” போனைத் திருப்பி ஷோகேசைக் காட்டினார்.

பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, அடுத்த பெட்டியில் பாசித்தாள் பக்கெற் ஒன்று போடுவதாகச் சொன்னாள்.

“போடு பிள்ளை” என்றார் அன்ரி. “ஷோகேசில இன்னும் இடம் இருக்கு.”