கொஸ்டீன் ஜோசியர்

தளவாய்புரத்தில் பிளஸ் டூ வகுப்புக்கு ஒருவராவது ஜோசியர் இருப்பார். கிளியும் கிடையாது, சோழியும் கிடையாது. அவர் உருட்டுவதெல்லாம் பழைய வினாத்தாள். போன மார்ச்சில் கிர்க்காஃப் விதி வந்துவிட்டதாம், அதனால் இந்த மார்ச்சில் வராதாம். மின்னழுத்தமானி வந்து நாளாகிவிட்டதாம், அதனால் வந்தே தீருமாம்.

இயற்பியல் தேர்வுக்கு முந்தின நாள் இவருக்கு ஏக மவுசு. வீட்டுக்கு வீடு தையல் மிஷின் ஓடி, நைட்டி தைத்து வெளியூருக்கு அனுப்புகிற ஊர் இது. அந்தச் சத்தத்துக்கு நடுவே துணி மூட்டையில் சாய்ந்தபடி மின்னோட்டவியலை ரிவிஷன் செய்கிறார். முதல் தடவை எப்போது படித்தார் என்று மட்டும் யாரும் கேட்டுவிடக் கூடாது.

வினாத்தாளின் அமைப்பு இவருக்குத் தலைகீழ்ப் பாடம். எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண். 15 ஒரு மார்க். ஐந்து மார்க் வினா ஐந்து, ஒவ்வொன்றிலும் ‘அல்லது’ உண்டு. மின்தடையைக் கண்டுபிடிக்க வோல்ட்டை ஆம்பியரால் வகுப்பதா, பெருக்குவதா என்பதில்தான் கொஞ்சம் தடுமாற்றம். புதிய பாடத்திட்டத்தோடு புளூபிரிண்ட் ஒழிந்தது, புத்தகத்தின் எந்த மூலையிலிருந்தும் கேட்கலாம் என்று ஆசிரியர் தலைபாடாய் அடித்துக்கொண்டார். ஜோசியத்தை நம்புகிறவர்கள் அரசாணையை நம்புவதில்லை.

விஞ்ஞானிகளில் இவருக்கு வீட்ஸ்டோனைப் பிடிக்கும். வீட்ஸ்டோன் சமனச்சுற்று என்கிறோமே, அதை 1833-லேயே சொன்னவர் சாமுவேல் ஹன்டர் கிறிஸ்டி. பத்து வருஷம் கழித்து அதைப் பிரபலமாக்கிய வீட்ஸ்டோன் பெயரே நிலைத்துவிட்டது. செய்முறைத் தேர்வில் மீட்டர் சமனச்சுற்றின் முள் பூஜ்யத்துக்கு வராமல் அடம்பிடித்தபோது நம்மவர் செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். பக்கத்து மேசையின் ரீடிங் இவர் நோட்டில் பிரபலமானது. ஆனால் வீட்ஸ்டோன் கிறிஸ்டியின் பெயரை ஒளிக்காமல் சொன்னார்.

மின்தடையின் நிறக் குறியீட்டுக்கு, நிறங்களின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்த ‘கிரேட் பிரிட்டன் பி.பி.ராய்’ என்ற ஞாபக வாக்கியம் கைவசம் இருக்கிறது. அதன் கடைசியில் வரும் ராயின் மனைவி நல்லவர் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது. பழுப்புக்கு 1 என்பது இல்லை. பத்தாவது படிக்கும் தங்கை புத்தகத்தைப் பார்த்து, பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1,000 ஓம் என்று நொடியில் சொல்கிறாள். இன்னொன்றும் கேட்கிறாள்: “எலக்ட்ரான் செகண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட நகராதுன்னு போட்டிருக்கு. அப்புறம் எப்படிண்ணே ஸ்விட்ச் போட்டதும் லைட் எரியுது?”

“அது டூ மார்க். சாய்ஸ்ல விட்டுரலாம்.”

கம்பி நெடுக எலக்ட்ரான்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன. ஸ்விட்சைப் போட்டதும் மின்புலம் ஏறத்தாழ ஒளியின் வேகத்தில் பரவி எல்லாவற்றையும் ஒருசேரத் தள்ளிவிடுகிறது. இரண்டே வாக்கியம், இரண்டு மார்க். அதை விட்டுவிட்டு எதைப் பிடிக்கப்போகிறார் என்பது அவருக்கே வெளிச்சம்.

அம்மாவுக்கும் ஒரு சந்தேகம். “ஏய்யா, மூணு மிஷினும் ஓடையில அயன் பாக்ஸ் போட்டா மட்டும் பீஸ் போயிருதே, ஏன்?”

“அதெல்லாம் இம்பார்ட்டன்ட் இல்லம்மா.”

உண்மையில் அது நல்ல மூன்று மார்க் கணக்கு. அரைக் குதிரைத்திறன் மோட்டார் 373 வாட். புத்தகக் கணக்குப்படி 230 வோல்ட்டில் 1.6 ஆம்பியர் இழுக்கும். மூன்றுக்கும் சேர்த்து 4.9. ஐந்து ஆம்பியர் பீஸ் கம்பி அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கும். 1,000 வாட் அயன் பாக்ஸ் இன்னொரு 4.3-ஐ இழுத்தால் மொத்தம் 9.2 ஆகிவிடும். அப்புறம் அந்தக் கம்பி உருகாமல் என்ன செய்யும்? இரண்டு மார்க், மூன்று மார்க் பகுதிகளில் தலா ஒரு கட்டாய வினா இருக்கிறது; அது பெரும்பாலும் இந்த மாதிரிக் கணக்காகத்தான் இருக்கும். இந்த ஒரு விஷயம்தான் ஜோசியர் கண்ணில் படுவதில்லை.

தேர்வு முடிந்து வெளியே வரும்போது முகத்தில் வாட்டம் துளியும் கிடையாது. சொன்னதில் ஒன்று வந்திருந்தால், “சொன்னேன்ல?” ஒன்றும் வராவிட்டால், “பேப்பர் டஃப்.” அடுத்த நிமிஷமே வேதியியலுக்குக் குறி சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் பழைய வினாத்தாளைப் பிடுங்க வேண்டாம். மின்வாரிய அட்டையைக் கையில் கொடுத்து, வீட்டிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் எத்தனை யூனிட் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதைக் கழித்துவிட்டாரா என்று பாருங்கள்.