மடலடைவியல்: கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த மடல்கள் மறைவதன் இலக்கணம்

1. ஆய்வெல்லை

மேற்கே திருப்பாச்சூரும் வடகிழக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகமும் எல்லையாக அமைந்த நிலப்பகுதியின் தொழிற்கூட அலுவலகங்களில் சேர்ந்து கிடக்கும் மின்மடல்களை, சுட்டியைத் தொடாமல், கறுப்புத் திரையில் ஆணைகளைத் தட்டெழுதித் தேடிக் காணும் கலை இக்கட்டுரையில் மடலடைவியல் எனப்படும். இத்துறையில் இதற்குமுன் ஆய்வு எதுவும் நிகழவில்லை என்பது ஆய்வேடுகளின் முதற்பக்கத்தில் தவறாது எழுதப்படும் மரபுத்தொடர் ஆதலின், உண்மையா பொய்யா என்று பாராமல் இங்கும் எழுதப்படுகிறது.

2. மடல்வகை

தொழிற்பேட்டை மடல் கொள்முதல் மடல், நினைவூட்டு மடல், இணைப்பு மடல், இணைப்பை மறந்த மடல், மன்னிப்போடு வரும் இணைப்பு மடல் என ஐவகைப்படும்.

கொள்முதல் மடல் வெளிப்படை.

நினைவூட்டு மடல் முதல்முறை பணிவும் மூன்றாம்முறை மேலாளருக்கு நகலும் உடையது.

இணைப்பு மடலின் உடலில் 'பி.எஃப்.ஏ.' (இணைப்பைக் காண்க) என்ற மூன்றெழுத்தன்றி வேறொன்றும் இராது. செய்தி முழுவதும் பி.டி.எஃப். கோப்பினுள் உறைய, தேடுகருவியோ அக்கோப்பின் பெயரை மட்டுமே படிப்பதால், 'ஸ்கேன் 0001' என்பதே அம்மடலைப் பற்றி உலகம் அறியும் ஒரே உண்மையாகிறது.

எஞ்சிய இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாகவே பிறக்கும். 'அனைவருக்கும் பதில்' என்பதை முன்னுரைகாரர் ஆறாம் வகையாகக் கொள்வர். அது வகையன்று, விபத்து என்பது பின்னுரைகாரர் மறுப்பு.

3. நேர்தேடல்

1973இல் கென் தாம்ப்சன் யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு ஆக்கிய 'கிரெப்' என்னும் கருவி, கொடுத்த சொல்லைக் கோப்பின் ஒவ்வொரு வரியிலும் பார்த்து, சொல் உள்ள வரியை மட்டும் காட்டும். ஆங்கில எழுத்தில் திருப்பாச்சூர் என்னும் பெயர், 'டி' தனித்தோ 'ஹெச்' உடனோ, 'பி' ஒற்றையோ இரட்டையோ, நடுவே 'சி-ஹெச்'சோ 'எஸ்'ஸோ, இறுதியில் ஒரு 'யு'வோ இரண்டு 'ஓ'வோ என நான்கு இடங்களில் இவ்விரண்டாகப் பிரிந்து 16 வடிவம் கொள்ளும்; பதினாறும் பெற்ற அவ்வூரைக் கிரெப் ஒரே ஆணையில் பிடித்துவிடும் என்பது அதன் பெருமை.

தமிழில் எழுதிய மடலிடம் அப்பெருமை செல்லாது. ஆங்கில எழுத்துகளை மட்டுமே நம்பி அமைந்த பழைய மடல்வழிகளில் சிதையாமல் போய்ச் சேரும்பொருட்டுத் தமிழ் உரை பெரும்பாலும் 'பேஸ்64' என்னும் குறிமுறையில் உருமாற்றப்படுகிறது. யூனிகோடில் மெய்யும் அதன்மேல் ஏறும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாதலால் 'திருப்பாச்சூர்' 14 குறிகளாகும். யூடிஎஃப்-8 முறையில் குறி ஒன்றுக்கு 3 பைட்டு வீதம் அது 42 பைட்டாகி, பேஸ்64இல் ஆங்கில எழுத்தும் இலக்கமும் கூட்டற்குறியும் கலந்த 56 வரியுருக்களாக விரியும். பேஸ்64 மும்மூன்று பைட்டாக வெட்டுவது. தமிழ்க்குறியோ மூன்று பைட்டு, இடைவெளியோ ஒரே பைட்டு. ஆகவே சொல்லுக்கு முன் எத்தனை இடைவெளி வந்தது என்பதைப் பொறுத்து ஒரே திருப்பாச்சூர் மூன்று வெவ்வேறு உருவங்களில் தோன்றும். இது மூவுருவக் கொள்கை எனப்படும். கிரெப் இம்மூன்றில் ஒன்றையும் அறியாது. 'இல்லை' என்று சொல்லும் நாகரிகமும் இன்றி வாளாவிருக்கும்.

4. அடைவு

அடைவாவது, ஒவ்வொரு சொல்லும் எவ்வெவ்விடத்து வருகிறது என்று முன்கூட்டியே தொகுத்து வைத்த பட்டியல். புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1967 முதல் 1970 வரை மூன்று தொகுதிகளாகப் பழந்தமிழ் நூல்களுக்கு வெளியிட்ட சொல்லடைவு எதுவோ, கார்ல் வொர்த் 2009இல் தொடங்கிய 'நாட்மச்' என்னும் கருவி மடல்களுக்கு ஆக்கும் அடைவும் அதுவே. அது மடலைக் குறிநீக்கிப் படித்து, சொற்களைப் பிரித்து, 'ஸேப்பியன்' என்னும் தேடல் நூலகத்தின் துணையோடு அடுக்கி வைப்பதால், மூவுருவச் சிக்கல் முற்றும் தீர்கிறது. அனுப்புநர், பொருள், நாள் எனப் புலம்வாரியாகவும் அதில் தேடலாம்.

ஆங்கிலச் சொற்களை அது வேர்வரை வெட்டிச் சேர்த்தாலும், தமிழ் வேற்றுமையுருபுகளை அறியாது. இக்குறையை நீக்க, 'திருப்பாச்சூர்' என்பதன் ஈற்றுப் புள்ளியைக் களைந்து அவ்விடத்து ஒரு நட்சத்திரக்குறி இட்டால், திருப்பாச்சூரில், திருப்பாச்சூருக்கு, திருப்பாச்சூரை என்பன யாவும் அகப்படும். அகப்படாதது ஒன்றுண்டு, அதனை விளக்கவே இக்கட்டுரை எழுந்தது.

5. அறுபத்துநான்கு பைட்டுக் கோட்பாடு

64 பைட்டுக்கு மேற்பட்ட சொல்லை ஸேப்பியன் இயல்பாக அடைவில் சேர்ப்பதில்லை. ஆங்கிலேயர்க்கு 64 பைட்டு என்பது 64 எழுத்து. ஆயுளில் ஒருமுறையும் தேவைப்படாத தாராளம். தமிழர்க்கோ அது 21 குறி.

'கும்மிடிப்பூண்டியில்' 60 பைட்டு, சேரும். 'கும்மிடிப்பூண்டிக்கு' அதுவும் 60, சேரும். 'கும்மிடிப்பூண்டியிலிருந்து' 78 பைட்டு, சேராது. ஆகவே அடைவின்படி ஒருவர் கும்மிடிப்பூண்டிக்குச் செல்லலாம், கும்மிடிப்பூண்டியில் தங்கலாம், அங்கிருந்து திரும்பியதற்கு மட்டும் சான்றில்லை. 'திருவள்ளூரிலிருந்து' 57 பைட்டில் தப்பிக்க, அதற்கு அடுத்த ஊரான 'திருப்பாச்சூரிலிருந்து' 66 பைட்டாகி இரண்டே பைட்டில் தோற்கிறது.

எல்லை 64ஆக அமைந்த காரணம் குறித்து உரைகாரர் வேறுபடுவர். ஆயகலைகளின் தொகை கருதியது என்பர் முன்னுரைகாரர். அறுபத்துமூவர்க்குத் தலைக்கு ஒன்றும் அடைவு செய்வானுக்கு ஒன்றும் என்பர் பின்னுரைகாரர். திருப்பாச்சூரைப் பாடிய அப்பரும் சம்பந்தரும் அறுபத்துமூவருள் அடங்கியும் அவ்வூரின் ஐந்தாம் வேற்றுமை அடங்காமற்போனது முறையோ என்று அவரே நொந்து, மறுபக்கத்தில் தம் கருத்தைக் கைவிடுவர். பின்னுரையின் அடிக்குறிப்பில் மட்டும் உயிர்வாழ்வதும், மூலம் கரையான் தின்ற ஏட்டில் இருந்ததாகச் சொல்லப்படுவதும், அக்கரையானுக்கே தனிப் பதிப்பு வேண்டும் என்று வாதிடப்படுவதுமான மூன்றாம் உரை, இரண்டின் ஆறாம் அடுக்கு 64 என்று ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. எளிமை காரணமாக அது ஏற்கப்படவில்லை.

கோட்பாட்டின் கொடுமுடி ஒற்றில் உள்ளது. நான்காம் வேற்றுமை விரியில் வல்லினம் மிகும் என்பது பள்ளிப்பாடம். 'கும்மிடிப்பூண்டிக்கு போகும் லாரி' என்று பிழையாக எழுதிய குமாஸ்தாவின் மடல் 60 பைட்டோடு அடைவில் நிலைபெறுகிறது. 'கும்மிடிப்பூண்டிக்குப் போகும் லாரி' என்று இலக்கணம் வழுவாது எழுதியவர் சேர்த்த ஒரு 'ப்', மெய்யும் புள்ளியுமாக 6 பைட்டு கூடி, 66 ஆகி, ஊர்ப்பெயரோடு அடைவிலிருந்து மறைகிறது. லாரி மட்டும் எஞ்சும்; எங்கே போகிறது என்பது எஞ்சாது. பிறர் கட்டுரையில் கருத்தை விட்டுவிட்டு ஒற்றை மட்டும் எண்ணித் திருத்தும் பேராசிரியர்களின் மடல்கள் ஏன் எவராலும் மறுபடி தேடி எடுக்கப்படுவதில்லை என்பதற்கு வேறு காரணம் உண்டு எனினும், இதுவும் ஒன்றாகக் கொள்ளத்தகும்.

6. முடிபு

'கும்மிடிப்பூண்டி ஆலையிலிருந்து' எனப் பிரித்து எழுதுவோர்க்கு இவ்விடர் இல்லை. ஊர்ப்பெயர் 48 பைட்டில் தனித்து நின்று அகப்படும். அன்றியும், ஸேப்பியனை அழைக்கும் நிரலில் சொல்லின் உச்ச நீளத்தை உயர்த்திவைக்க ஒரு வரி போதும். பிறகு அடைவை மீண்டும் ஆக்கினால், திருப்பாச்சூரிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வந்த மடல்கள் யாவும் ஒற்றுப் பிழையின்றிக் கிடைக்கும். ஆயினும் அவ்வரி எழுதப்படுமாயின் இவ்வாய்வுக்கும் இதன் தொடராகத் திட்டமிடப்பட்ட கருத்தரங்குக்கும் பொருளே இல்லாமற்போகும் ஆதலின், அது பரிந்துரைக்கப்படவில்லை.