353 நாள் வாடகை

வாடா ராசா, இப்படித் திண்ணையில உக்காரு. ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிக்குக் கும்பிடு போட்டுட்டு வந்துட்டேன்னு உங்க பெரியம்மா சொன்னா. பி.எஃப். துட்டு 40,000 கையில இருக்குது, சொந்தமா யாவாரம் பண்ணணும், பெரியப்பா யோசனை சொல்லணும். அதானே? யோசனை கேக்க வந்தவன் ஒரு கவுளி வெத்தலைகூட வாங்கியாரல. பரவால்ல, முதலைக் காப்பாத்தத் தெரிஞ்ச புள்ளைன்னு எடுத்துக்கிறேன்.

கொஞ்சத் துட்டோட இந்தத் திருவண்ணாமலைக்கு வந்து பெரிய ஆளானவரு ஒருத்தரு உண்டு. 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, மதுரையில இருந்து கிளம்பின 16 வயசுப் புள்ளை வந்து சேர்ந்துச்சு. வழியில கீழூர்ல காதுக் கடுக்கனை அடகு வச்ச காசுல செலவு போக மடியில மூணரை ரூபாய் மிச்சம். நேரா அண்ணாமலையார் சந்நிதி, அப்புறம் அய்யங்குளம். மொட்டை போட்டுக்கிட்டு மூணரை ரூபாயையும் தூக்கித் தண்ணியில போட்டுட்டாரு. அவருதான் ரமணரு. இன்னைக்கு அவரு ஆசிரமம் இருக்கிற செங்கம் ரோட்டுல ரூம் விடுறவன், வெள்ளைக்காரனுக்கு மோட்டார்பைக் வாடகைக்கு விடுறவன், ஆட்டோக்காரன், துணி வெளுக்கிறவன் எல்லாம் அந்த மூணரை ரூபாயிலதான் பொழைக்கிறான். உனக்கு அது சரிப்படுமான்னு தெரியல. நீ சொல்ற திட்டத்தைக் கேட்டா, குளத்துக்குப் போக வேண்டியதே இல்ல, 40,000 தானா முழுகிடும்.

கிரிவலப் பாதையில கஃபே வைக்கப் போறியாமே. நல்லா வை. நான் சொல்ற வரிசையில செய். முதல்ல லைட்டு போட்ட போர்டு. அதுக்கு முன்னாடியே விசிட்டிங் கார்டு, உன் பேருக்குக் கீழ ‘நிறுவனர்’னு தங்க எழுத்துல. அப்புறம் பத்து மாச வாடகை அட்வான்ஸ். திறப்பு விழாவுக்கு வட்டச் செயலாளர், உங்க அம்மா வழியில நாப்பது பேரு, எல்லாருக்கும் பிரியாணி. ரிப்பன் வெட்டி முடிஞ்சப்ப கையில கத்தரிக்கோல்தான் மிஞ்சும். வித்துடாத, அதுதான் உன் முதலீடு.

சேஷாத்ரி சாமி கதை உங்க ஆயா சொல்லியிருப்பாளே. 1929-ல சமாதியாற வரைக்கும் இந்த ஊர் வீதியில சுத்தினவரு. திடீர்னு ஒரு கடைக்குள்ள நுழைவாரு, கையில அகப்பட்டதை வாரி வெளியில எறிவாரு. எறிஞ்ச கடையில அன்னைக்கு யாவாரம் கொட்டும்னு நம்பி, நம்ம கடைக்கு வர மாட்டாரான்னு ஏங்கிக் கிடந்தாங்களாம். இப்ப அந்த வாரி எறியற வேலையைச் சொந்தக்காரங்க எடுத்துக்கிட்டாங்க. யாவாரம்தான் கொட்டக் காணோம்.

சரி, கணக்குக்கு வா. உன் கஃபே யாரை நம்பி? பௌர்ணமிக் கூட்டத்தை நம்பி. வருசத்துக்குப் பௌர்ணமி எத்தனை? 12, ஏதோ ஒரு வருசம் 13. ஆக 12 நாள் யாவாரம், 353 நாள் வாடகை. இதை உன் செல்லுல தட்டிப் பார்க்க வேணாம், உங்க பெரியம்மா விரல்லயே எண்ணிட்டா.

அந்த 12 நாளும் உனக்கு எதிர்க்கடை யாரு தெரியுமா? அன்னதானம். 14 கிலோமீட்டருக்கும் எவனாவது பொங்கல், தக்காளி சாதம், சுண்டல்னு தொன்னையில வச்சு நீட்டிக்கிட்டே இருப்பான். வாங்கலேன்னா கோவிச்சுக்குவான். அவனாண்ட நீ 90 ரூபாய்க்கு சாண்ட்விச் விக்கப் போற. தைரியம்தான்டா உனக்கு.

உங்க சித்தி வழியில ஒருத்தன் இதே பாதையில செருப்புக் கடை போட்டான். ஊரே சிரிச்சுது. வர்றவன் எல்லாம் வெறுங்காலோட நடக்கிறவன், அவனுக்குச் செருப்பான்னு. நானும் சிரிச்சேன். ஆனா ராத்திரி யோசிச்சுப் பார்த்தேன், அவன் மடையன் இல்ல. விடியக்காலை நாலு மணிக்குச் சுத்தி முடிச்சுட்டு வர்றான் பாரு, அவன் விட்ட செருப்பு விட்ட இடத்துல இருக்காது. உள்ளங்கால் கொப்புளம், பஸ் ஸ்டாண்டு தூரம். அந்த நேரம் 100 ரூபாய் ரப்பர் செருப்பை 150-ன்னாலும் மறுபேச்சில்லாம வாங்குவான். நம்மாளு என்ன பண்ணினான்? சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறந்து, ராத்திரி பத்து மணிக்கு, எவனும் வரலையேன்னு பூட்டிட்டுப் போய்த் தூங்கிட்டான். சரக்கு சரி, இடம் சரி, சாவி போட்ட நேரம் தப்பு. மூணு மாசத்துல கடையை எடுத்துட்டான். அந்தச் செருப்புல ஒரு ஜோடிதான் நான் போட்டிருக்கிறது.

செல்லுல என்னமோ காட்டினியே, அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் கதை. 1970-ல ராயபுரத்துல வெறும் 13,000 ரூபாயில ஆரம்பிச்சாரு, குச்சி ஐஸ் போட்டாரு, தள்ளுவண்டியில வித்தாரு, இன்னைக்கு ஹட்சன்னு. எல்லாம் நெசம். அவரு பட்ட பாட்டுக்குக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனா பேசுறவன் ‘வெறும் 13,000’னு சொல்றான் பாரு, அங்கதான் நீ ஏமாறுற. அன்னைக்குப் பவுன் 150 ரூபாய் சுமாருக்குத்தான். வகுத்துப் பாரு, 80 பவுனுக்கு மேல வரும். குடும்பச் சொத்தை வித்த காசு அது. உன் 40,000-த்துக்கு இன்னைக்கு ஒரு பவுன் தேறுமா? அதனால அவரு தொகையைப் பார்க்காத, தள்ளுவண்டியைப் பாரு. வண்டிக்கு வாடகை அட்வான்ஸ் கிடையாது. கூட்டம் எங்கயோ வண்டி அங்க.

கடன்னு வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. தண்டல்காரன் சைக்கிள்ல வர்ற காலம் போச்சு, புல்லட்டுல வர்றான், சிரிச்சுக்கிட்டே குடுப்பான். 10,000-ன்னு எழுதி 8,500 கையில வைப்பான். தினம் 100 ரூபாய், 100 நாள். என்ன, 1,500 தானேம்ப. அந்த 8,500-ஐ பேங்குல 12 வட்டிக்கு வாங்கி முழுசா ஒரு வருசம் வச்சிருந்தாலும் வட்டி 1,020 தான்டா. இவன் 100 நாள்லயே அதைத் தாண்டிடுறான், அதுவும் மறுநாள்ல இருந்தே அசலைத் திரும்ப வாங்கிக்கிட்டு. 2003-லயே கந்துவட்டிக்குச் சட்டம் போட்டாச்சு. சட்டம் இருக்குது, புல்லட்டும் இருக்குது.

முத்ரான்னு 2015-ல இருந்து இருக்குதே, அதுல சிசு கடன் 50,000 வரைக்கும், ஜாமீன் சொத்து கேக்கக் கூடாது. ஜாமீன் கேக்க மாட்டாங்க, ‘அடுத்த வாரம் வா’ம்பாங்க. போ. அடுத்த வாரமும் போ. நாலாவது வாரம் உன் மூஞ்சியைப் பார்க்கச் சலிச்சே கையெழுத்துப் போடுவாங்க. சாப்பாட்டுச் சாமான் விக்கிறதுன்னா உணவுப் பாதுகாப்புல பதிஞ்சுக்கோ. 2024-ல நம்ம ஊரை மாநகராட்சி ஆக்கிட்டாங்க, அதனால ரோட்டோரம் நிக்கிறவனை விரட்டுற பதவியும் ஒரு படி ஏறியிருக்கும். தெருவோர யாவாரிக்கு 2014 சட்டத்துல அடையாள அட்டை உண்டு, அதை எழுதி வாங்கிப் பையில வச்சுக்கோ.

குபேர லிங்கத்துக்கு எதுத்தாப்பல இடம் பார்த்தேன், ராசியான இடம்னியே. குபேரன் யாருடா? திருப்பதிப் பெருமாளுக்கே கல்யாணக் கடன் குடுத்துட்டு இன்னும் வட்டி வசூல் பண்ணிக்கிட்டிருக்கிறவரு. அவரு எதிர்ல கடன் வாங்குறவன் நிக்கக் கூடாது, திரும்பிப் பார்த்துடுவாரு. ஒரு காரணத்துக்கு அந்த இடம் நல்ல இடம்தான். வாயு லிங்கம் தாண்டினா கால் பேச ஆரம்பிக்கும். நடையைக் கொஞ்சம் நிறுத்த ஒரு சாக்கு கிடைக்காதான்னு சனங்க தேடுற இடம் அது.

அங்கதான் நான் முப்பது வருசம் அவிச்ச மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வித்தேன். குண்டானுல பச்சை மல்லாட்டை, மூழ்குற அளவு தண்ணி, தண்ணி காய்றப்பவே உப்பு. வெந்த பிறகு உப்புப் போட்டா தோல்ல உறைக்கும், பருப்பு சப்புன்னு இருக்கும். இறக்கினதும் நனைச்ச சாக்கைப் போர்த்தி வைக்கணும். சாக்கைத் தூக்குறப்ப ஆவி கிளம்பும் பாரு, அதுதான் போர்டு. மார்கழிக் குளிர்ல அந்த ஆவியைப் பார்த்துட்டு தாண்டிப் போனவனை நான் பார்த்ததில்ல. பேப்பர்ல பொட்டலம் கட்டினா ஈரத்துல கிழியும், தொன்னையில போடு.

உழக்குல அளக்கிறதுலயும் ஒரு வித்தை இருக்குது, இதை உன் சித்தப்பனுக்குக்கூடச் சொன்னதில்ல. கும்பாச்சியா அளந்து போட்டா, ‘கொசுறு எங்க பெரியவரே’ம்பான். அதனால தலையைத் தட்டி அளந்து போடு. தட்டினதை உள்ளங்கையில நிறுத்தி வச்சு, அவன் துட்டை எடுக்கிறப்ப, ‘வச்சுக்க சாமி’ன்னு மேல போடு. அளவு ஒண்ணுதான், ஆனா அடுத்த பௌர்ணமிக்கு அவன் உன்னைத் தேடி வருவான். மிச்ச நாளுல பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூட வாசல், சந்தைன்னு வண்டியைத் தள்ளிக்கிட்டே இரு. இதுல எங்கயும் நான் பொய் சொல்லல, அளவும் குறைக்கல. உங்க பெரியம்மாவைக் கேளு.

முகத்தைச் சுளிக்கிறியே, பி.இ. படிச்சுட்டு மல்லாட்டையான்னு. சரி, கஃபேயே வை. ஆனா வாடகை பேசுறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி வந்து பாரு. வர்ற பௌர்ணமிக்கு நான் ரெண்டு குண்டான் போடுறேன். ராத்திரி எட்டு மணிக்கு வந்துடு. எவன் எந்த நேரத்துல எங்க நின்னு மடியில கை வைக்கிறான்னு நோட்டுல எழுதிக்கோ. விடியறதுக்கு முன்னாடி தூங்கிட்டே, செருப்புக் கடைக்காரன் பக்கத்துல உனக்கும் ஒரு பாய் போடச் சொல்றேன்.

வர்றப்ப வெத்தலை வாங்கியா. வெறுங்கையோடதான் வருவேன்னா அதுவும் நல்லது, குண்டான் தூக்க ஆள் இல்ல.