சிவப்பு டேக்

பத்து வரி நிரலை எடுத்துப் போட்டுவிட்டு, எழுதியவர் பெயரைப் போடாமல் விட்டுப் பாருங்கள். கட்டற்ற மென்பொருள் அன்பர்கள் கொதித்தெழுவார்கள். ஜிபிஎல் உரிமத்தில் எந்த ஷரத்தை மீறினாய் என்று விடிய விடியக் குடைவார்கள். குடையட்டும், நியாயம்தான். அதே மகான்கள் மாநாட்டு வாசலில் செல்போனைத் தூக்கிக்கொண்டு வரும் அழகைத்தான் பார்க்க வேண்டும். நிரலுக்கு அனுமதி வேண்டும், எழுத்துருவுக்கு அனுமதி வேண்டும். வாயில் பாதி இட்லியோடு நிற்கிற பெண்ணின் முகத்துக்கு மட்டும், "பப்ளிக் ஈவென்ட்தானே மேடம்?"

போன முறை நான் போன மாநாட்டில் பதிவு மேசையிலேயே இரண்டு நிறத்தில் டேக் வைத்திருந்தார்கள். பச்சை மாட்டினால் படம் எடுக்கலாம், சிவப்பு என்றால் கூடாது. நான் சிவப்பை மாட்டிக்கொண்டேன். ஏன் என்று கேட்காதீர்கள். ஆபீசில் காய்ச்சல் என்று லீவு சொல்லியிருக்கலாம். ஒருத்திக்கு, விட்டுவந்த புருஷன் இன்னும் தேடிக்கொண்டிருக்கலாம். சும்மா பிடிக்காமலும் இருக்கலாம். காரணம் சொல்லி மாளாது என்றுதானே கழுத்தில் நிறத்தைத் தொங்கவிடுவது?

ஆனால் சிக்னலிலேயே சிவப்புக்கு நிற்காத ஊர் இது.

காலையில் முதல் உரையே அந்தரங்க உரிமை பற்றி. 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அதை அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னதைப் பேச்சாளர் விவரிக்க, அரங்கம் அதிரக் கைத்தட்டல். கைதட்டியவர்களை, பச்சை சிவப்பு பாராமல், தலைக்கு மேலே ஒரு குட்டி ட்ரோன் ரீங்காரமிட்டபடி படம் பிடித்துக்கொண்டிருந்தது.

இடைவேளையில் ஒரு அண்ணன் வந்தார். "ஒரே ஒரு செல்ஃபிம்மா. என் தங்கச்சி மாதிரி நீ." டேக்கைத் தூக்கிக் காட்டினேன். "அட, நான் என்ன தப்பாவா யூஸ் பண்ணப் போறேன்?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் தோளில் கை வந்து உட்கார்ந்திருந்தது. அதற்கு என்ன நிறத்தில் டேக் என்று பதிவு மேசையில் கேட்டுவைக்காதது என் தப்பு.

தப்பாக யூஸ் பண்ண மாட்டீர்கள் அண்ணே, தெரியும். 2007இல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஒரு பள்ளி மாணவியைப் படம் எடுத்தவரும் நல்லவர்தான், அவளுடைய சர்ச் இளைஞர் குழுவின் வழிகாட்டி. ஃப்ளிக்கர் தளத்தில், பெயரைப் போட்டு யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் ஏற்றினார். உலகத்தின் மறுகோடியில் விர்ஜின் மொபைல் ஆஸ்திரேலியா அதை எடுத்து, பேனா நண்பர்களைத் தலைமுழுகச் சொல்லும் ஒரு கிண்டல் வாசகத்தைச் சேர்த்து, அடிலெய்டில் விளம்பரமாக நிறுத்தியது. அவள் வீட்டார் வழக்குப் போட்டார்கள். ஆஸ்திரேலிய நிறுவனத்தின்மேல் தனக்கு அதிகார எல்லை இல்லை என்று டெக்சாஸ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அந்த உரிமம் அனுமதி தருவது படம் எடுத்தவரின் பதிப்புரிமைக்கு மட்டும். படத்தில் இருக்கும் பிள்ளையின் சம்மதம் அதற்குள் கிடையாது. உரிமங்களைக் கரைத்துக் குடித்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள், அதுதான் எரிகிறது.

மாலையில் குரூப் போட்டோ. மேடையில் பேசிய பதினெட்டுப் பேரில் பெண் ஒருத்தி. படத்துக்கு மட்டும், "லேடீஸ் எல்லாம் முன்வரிசைக்கு வாங்க!" அடுத்த வருஷ நோட்டீசில் இவர்கள் மாநாடு மகளிர் மாநாடு மாதிரிதான் ஜொலிக்கும். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். ஒருங்கிணைப்பாளர் விடவில்லை, என் டேக்கையும் கவனித்துவிட்டார். பரவாயில்லையே, ஒருவராவது பார்த்தாரே என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"மேடம், அந்தச் சிவப்பு மட்டும் போட்டோல உறுத்தும். கழட்டிட்டு வந்து நில்லுங்க."