ஆறு விரல் நாய்க்கு வம்சம் வளர்ப்பது எப்படி?

அரிய ஜாதி நாய் ஒன்றை வாங்கி, குட்டி போடவைத்து, பெயரும் பணமும் சேர்க்க நினைப்பவர்களுக்கான கையேடு இது. உதாரணத்துக்கு நோர்வே நாட்டின் லுண்டஹுண்டை எடுத்துக்கொள்வோம். உயரம் மிஞ்சிப்போனால் 38 செ.மீ.; எடை ஆறேழு கிலோ. உலகம் முழுக்கச் சல்லடை போட்டாலும் ஆயிரத்து ஐந்நூறு தேறுவது கஷ்டம். ‘பொறுப்பான வளர்ப்பாளர்’ என்று பேர் வாங்க இதைவிடத் தோதான நாய் கிடையாது. அந்தப் பொறுப்புதான் நடுநடுவே தொந்தரவு செய்யும். அதிலிருந்து தப்பிக்கும் வழிகள் கீழே.

1. விரலை மட்டும் எண்ணுங்கள்

வீட்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் நாயின் பாதத்தைத் தூக்கிக் காட்டுங்கள். காலுக்குக் குறைந்தது ஆறு விரல். முன்காலில் ஐந்து தரையில் ஊன்றும், பின்காலில் நான்கு. தலையைப் பின்னால் சாய்த்தால் முதுகைத் தொடும். முன்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் தட்டையாக விரியும். காதை மடித்துத் துவாரத்தை மூடிக்கொள்ளும். லோஃபோட்டன் தீவுகளின் செங்குத்துப் பாறைகளில் ஏறி, ஆள் நுழைய முடியாத பொந்துக்குள் ஊர்ந்து, பஃபின் பறவையைக் கவ்விக்கொண்டு வருவதற்காகவே அமைந்த உடம்பு இது.

இன்று நோர்வேயில் பஃபின் வேட்டைக்குத் தடை. அதனால் உங்கள் நாய்க்கு வேலை இல்லை, சோபா உண்டு. தரையில் படாத விரல்களின் நகம் தேய்வதில்லை. கவனிக்காமல் விட்டால் வளைந்து சதையில் குத்தும். நாயை மடியில் கிடத்தி, ரத்தம் ஓடும் இடம் தொடாமல், இருபத்து நான்கு நகத்தையும் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். வீட்டுக்குள் அசிங்கம் செய்யாமல் பழக்குவதிலும் இது பேர்போன பிடிவாதக்காரன். இந்த இரண்டையும் விளம்பரத்தில் போட வேண்டாம்.

2. கதையைச் சொல்லுங்கள், கணக்கைச் சொல்லாதீர்கள்

கதை பிரமாதமானது. பஃபினைப் பிடிக்க வலை வந்ததும் ஊர் ஊராக இந்த நாயைக் கைவிட்டார்கள். நாய் வரியும் சேர்ந்துகொண்டது. வேரோய் தீவில் மோஸ்டாட் என்ற ஒதுக்குப்புறக் கிராமத்தில் மட்டும் மிஞ்சியது. 1930களின் கடைசியில் எலினோர் கிறிஸ்டி என்ற பெண்மணி அங்கிருந்து சில நாய்களை வரவழைத்துத் தெற்கே வளர்த்தார். உலகப்போர்க் காலத்தில் தீவில் டிஸ்டெம்பர் நோய் புகுந்து நாய்களை வாரிக்கொண்டு போனது. கிறிஸ்டி தம்மிடமிருந்து நாய்களைத் திருப்பி அனுப்பிக் கைகொடுத்தார். பிறகு அவர் வீட்டிலும் அதே நோய் புகுந்தது. 1960களின் தொடக்கத்தில் எஞ்சியவை ஆறே ஆறு. அதில் ஐந்து, ஒரே தாய் வயிற்றில் பிறந்தவை.

கேட்பவர் கண் கலங்குவார். அங்கேயே நிறுத்திவிடுங்கள். இன்று உயிரோடிருக்கும் லுண்டஹுண்டுகள் அந்த ஒரு கைப்பிடியிலிருந்து வந்தவை என்று தொடர்ந்தால் அவர் யோசிக்க ஆரம்பித்துவிடுவார். நம்மூரில் மாமன் மகள், அத்தை மகன் என்று இரண்டு தலைமுறை தொடர்ந்தாலே டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசுவார். இங்கே அண்ணன் தங்கை, அம்மா பிள்ளை என்று தலைமுறை தலைமுறையாகச் சம்பந்தம் நடந்திருக்கிறது.

3. குடலைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்

இந்த இனத்தின் பெயரிலேயே ஒரு நோய் இருக்கிறது: லுண்டஹுண்ட் சிண்ட்ரோம். சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து உடம்பில் ஒட்டாது. புரதம் குடல்வழியே கசிந்து வெளியே போய்விடும். வயிற்றுப்போக்கு, மெலிவு, சில நாய்களுக்கு வயிறும் காலும் நீர் கோத்து வீங்கும். வந்தால் முழுசாகக் குணமாகாது. கொழுப்பு குறைந்த உணவு, மருந்து என்று காலத்தை ஓட்ட வேண்டும்.

உங்களுக்குச் சாதகமான விஷயம், இது சின்ன வயதிலேயே தலைகாட்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே பெட்டை பருவத்துக்கு வந்த கையோடு சேர்த்துவிடுங்கள். நோய் தெரிவதற்குள் குட்டிகள் விற்றுத் தீர்ந்துவிடும். நான்கைந்து வயது வரை பொறுத்து, ரத்தத்தில் புரத அளவு பார்த்து, தாய் தகப்பன் எதனால் செத்தது என்று விசாரித்துவிட்டு முடிவெடுப்பவர்களும் உண்டு. அவர்களோடு பழக்கம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

4. கோப்பை வாங்கிய கடுவனையே தேடுங்கள்

கண்காட்சியில் பரிசு வாங்கிய கடுவன் ஒன்று இருக்கும். எல்லோரும் அதனிடமே போவார்கள், நீங்களும் போங்கள். அடுத்த தலைமுறையில் நாட்டிலுள்ள பாதிக் குட்டிகளுக்கு அதுவே தகப்பன், அதற்கடுத்த தலைமுறையில் அதுவே இருபக்கத்துத் தாத்தா. ஒரு கடுவனுக்குப் பத்து ஈற்று கொடுப்பதைவிட, பத்துக் கடுவனுக்கு ஆளுக்கொரு ஈற்று கொடுத்தால் இருக்கிற கொஞ்சநஞ்ச மரபணு வகையாவது தங்கும். கோப்பை வாங்காத ஒன்பது நாயின் படத்தைச் சுவரில் மாட்ட முடியாதே!

5. பிரசவத்தை லாபக்கணக்கில் சேர்க்காதீர்கள்

சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள். நாள் நெருங்கியதும் தெர்மாமீட்டரும் கையுமாக உட்கார வேண்டும். உடம்புச் சூடு சட்டென்று இறங்கினால் ஒரு நாளைக்குள் வலி கண்டுவிடும். அது பெரும்பாலும் நடுநிசியாக இருக்கும். குட்டி சிக்கிக்கொண்டால் ஆபரேஷன். பிறந்தபின் சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் தினமும் நிறுக்க வேண்டும். எடை ஏறாத குட்டிக்கு இரண்டு மணிக்கொருதரம் புட்டிப்பால்.

இத்தனைக்கும் லுண்டஹுண்ட் ஓர் ஈற்றுக்குப் போடுவது பெரும்பாலும் இரண்டு, மூன்று. டாக்டர் பில்லையும் தூக்கம் போன கணக்கையும் ஓரமாக வைத்துவிட்டு, குட்டி விலையை மட்டும் கூட்டினால் தொகை அழகாக வரும்.

6. கேள்வி கேட்காதவருக்கே விற்றுவிடுங்கள்

“தாயைப் பார்க்கலாமா? குடல் எப்படி?” என்று கேட்பவர் வில்லங்கம் பிடித்தவர். “எவ்வளவு? இன்றைக்கே கிடைக்குமா?” என்பவரே நல்லவர். நீங்களும் அவரிடம் வீடு எப்படி, பகலில் யார் இருப்பார்கள் என்று எதுவும் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம். எட்டு வாரம் தாயோடு விடுவது, வளர்க்க முடியாவிட்டால் எப்போது வேண்டுமானாலும் நானே திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று எழுதிக்கொடுப்பது, இதெல்லாம் வேலையற்றவர்கள் செய்வது.

7. வெளி ரத்தம் என்றால் முகத்தைச் சுளியுங்கள்

நோர்வேயின் லுண்டஹுண்ட் கிளப்பே இப்போது பூஹுண்ட், நோர்போட்டன்ஸ்பெட்ஸ், ஐஸ்லாந்து ஷீப்டாக் ஆகிய உறவுக்கார இனங்களோடு கலந்து பார்க்கிறது. பிறக்கும் குட்டிகளில் ஆரோக்கியமானவற்றை மறுபடி லுண்டஹுண்டோடு சேர்த்து, விரலும் வளையும் கழுத்தும் தங்க, புது ரத்தமும் ஏற வழி செய்கிறார்கள். “ஜாதி கெட்டுப்போச்சு!” என்று உரக்கச் சொல்லுங்கள். மூடிய வட்டத்துக்குள் எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் இல்லாத மரபணு எங்கிருந்தும் வராது என்று யாராவது விளக்க வந்தால், பேச்சை ஆறு விரலுக்குத் திருப்பிவிடுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. 2023 அக்டோபரில் நோர்வே உச்ச நீதிமன்றம், கவாலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியலை இனத்துக்குள்ளேயே சேர்த்துக் குட்டி எடுப்பது விலங்கு நலச் சட்டத்தின் 25ஆம் பிரிவுக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தது. பரம்பரை நோய் கூடவே வரும் என்று தெரிந்தும் குட்டி போடவைப்பது வளர்ப்பவரின் சொந்த விஷயம் இல்லை என்பது அங்கே இப்போது சட்டம். இந்தக் கையேட்டை நம்பி நடப்பவர்கள் வக்கீல் செலவையும் சேர்த்துக்கொள்ளவும்.

இத்தனையும் படித்தபின் நிஜமாகவே ஒரு லுண்டஹுண்ட் வேண்டுமென்று தோன்றினால், மேலே உள்ள ஏழையும் தலைகீழாகச் செய்கிற வளர்ப்பாளரைத் தேடிப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள். அவர் உங்களைக் கேள்வி கேட்டுத் துளைத்தால் கோபப்படாதீர்கள். கலப்புத் திட்டத்துக் குட்டியைக் கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். இந்த நாய் இன்னும் நூறு வருஷம் இருக்குமென்றால், அது அந்தக் குட்டிகளால்தான் இருக்கும்.