மாப்பிள்ளை முறுக்கு

கேள்வி: கல்யாணமாகி 38 வருடம். நான் கும்பகோணம், அவர் திருநெல்வேலி. பாத்திரம் தேய்க்கச் சொன்னால், "எங்க ஊர்ல ஆம்பளைங்க ஏனம் கழுவ மாட்டாவ" என்கிறார். நிஜமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: 38 வருடமாக அல்வா கொடுத்திருக்கிறார். திருநெல்வேலியில் சொதி என்பது மாப்பிள்ளை விருந்துக்கென்றே வைக்கிற குழம்பு. அதைச் சாப்பிட்டபோது ஏறிய மாப்பிள்ளை முறுக்கு உங்கள் வீட்டுக்காரருக்கு இன்னும் இறங்கவில்லை போல. சம்பா கோதுமையை ஊறவைத்து, அரைத்து, பால் பிழிந்து, நெய் கக்கும்வரை அடுப்படியில் நின்று கிண்டுகிறார்களே, அந்த அல்வாக் கடைகளில் துடுப்பைப் பிடிப்பது யாராம்? ஆம்பளைகள்தானே! அல்வா ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று தினமும் பீற்றிக்கொள்வாரே, அந்தத் தண்ணீரில் வளர்ந்த கை பட்டால் பாத்திரம் எப்படி மினுங்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஊர்ப் பெருமைக்காகவாவது எழுந்து வருவார்.

ஒன்று மட்டும். முதல் நாளே நாச்சியார்கோவில் குத்துவிளக்கையும் பித்தளை டபராக்களையும் எடுத்து நீட்டிவிடாதீர்கள். டம்ளரில் ஆரம்பியுங்கள்.

நானா? மதுரைக்காரன். எங்கள் ஊரில் ஆட்சியே மீனாட்சியுடையது. இந்தப் பதிலைக்கூட வெங்காயம் உரித்து முடித்த பிறகுதான் எழுதுகிறேன்.